வாவி வெட்டிய வருஷம்

1932 ஜனவரி 28, வியாழன்

நோன்பு பத்தொன்பது. காலை ரயிலில் ஊர் பார்க்கக் கப்பல்காரர் பதினொரு பேர் வந்தார்கள். கொழும்பில் கப்பல் நிற்பது ஒரு பகலும் ஓர் இரவும். அதற்குள் இவர்களுக்குக் கண்டி முழுவதும் வேண்டும். வாவி, தலதா மாளிகை, கட்டுகஸ்தோட்டையில் யானைக் குளிப்பு, பேராதனைத் தோட்டம், வெள்ளிச் சாமான் கடை, பிறகு மாலை ரயில். ராஜாக்கள் தலைமுறை தலைமுறையாக ஆண்ட ஊரை ஐந்து மணி நேரத்தில் காட்டி முடிக்கிறேன். முப்பத்தொரு வருஷமாக இதுதான் வேலை. நன்றாகக் காட்டினாய் என்று இந்த ஊரில் ஒருவரும் சொன்னதில்லை.

பேராதனையில் ஒரு மரம். அடித்தண்டிலேயே உருண்டை உருண்டையாகக் காய். ஒரு வெள்ளைக்கார நோனா அதன் பெயர் கேட்டாள். பலா என்றேன். அது பலா இல்லை என்பது எனக்கே தெரியும். என்ன செய்ய? மரங்கள் என் பங்கு அல்ல. ராஜாவும் வாவியும் என் பங்கு, மரமும் யானையும் செல்லச்சாமி பங்கு. இருபத்தெட்டு வருஷம் அப்படித்தான் இரண்டு பேருமாகக் கைடு வேலை பார்த்தோம். இப்போது மூன்று வருஷமாக அவன் ஒரு கூட்டத்தோடு, நான் ஒரு கூட்டத்தோடு. வாவிக்கரையில் எதிரே வந்தால் நான் தண்ணீரைப் பார்ப்பேன், அவன் மரத்தைப் பார்ப்பான்.

ஸ்டேஷன் வாசலில் கடை வைத்திருக்கும் தாஸிம் கூப்பிட்டுச் சொன்னான்: "தெரியுமா நானா? சாமி ஊர விட்டே போறாராம். தூத்துக்குடில ஈக்கிற மகன் வரச் செல்லி எழுதியாம். மார்ச்சில கப்பல்."

"போகட்டும்" என்றேன். நோன்பு வாயால் வேறு என்ன சொல்ல?

ஜனவரி 29

போகட்டும்.

பெப்ரவரி 3, புதன்

கப்பல் இல்லை. வேலையும் இல்லை. உட்கார்ந்திருந்தால் மனம் பழையதற்குப் போகிறது. போனதை எழுதியே வைக்கிறேன், பிற்பாடு யாரும் என்மேல் பிழை சொல்லக் கூடாது.

1929. வாவிக்கரை. பன்னிரண்டு துரைமார், நோனாமார். நான் வழக்கம்போலச் சொல்கிறேன்: இந்த வாவியைக் கண்டியின் கடைசி ராஜா வெட்டினார், வருஷம் 1708. இத்தனை வருஷம் கேட்டும் வாய் திறக்காத செல்லச்சாமி பக்கத்தில்தான் நின்றான், என்னிடம் தமிழில் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இங்கிலீஷில், எல்லாருக்கும் கேட்க, "மன்னிக்க வேண்டும், 1807" என்றான். ஒரு துரை சிரித்தான். "1815இல் பிடிபட்ட ராஜா 1708இல் வாவி வெட்டினாரா? அவருக்கு என்ன நூற்றிருபது வயதா?" பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். செல்லச்சாமியும் சிரித்தான். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

அவன் கலஹா தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். நான் குர்ஆன் ஓதப் போனதோடு சரி. பிலிமத்தலாவையில் ஒரு சாமான் கடையில் நின்றபோது பொட்டலம் கட்டிய பழைய இங்கிலீஷ் பத்திரிகைத் தாளை எழுத்துக்கூட்டிப் படித்து இங்கிலீஷ் பிடித்தவன். ஒரு வாத்தியாருக்கும் நான் கடன்பட்டவன் அல்ல. பெரிய உத்தியோகஸ்தர்களைத் தேடிப் போய்க் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு வருஷத்தையும் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் புத்தகத்தில் 1708 என்றுதான் இருக்கிறது. அன்றைக்கே வீட்டுக்கு வந்து பார்த்தேன், இருந்தது. ராஜாவின் வயதைப் பற்றிப் புத்தகத்தில் ஒன்றுமில்லை. அது என் கவலையும் இல்லை.

அதற்குப் பிறகு அவன் காதில் விழும் தூரத்தில் நின்றால், 1708ஐ இன்னும் உரக்கச் சொல்வேன்.

பெப்ரவரி 9, செவ்வாய்

பெருநாள். தொழுதுவிட்டு வந்தேன். அடுப்படியில் பெருநாள் இனிப்பு வட்டிலப்பம் எட்டுக் கிண்ணத்தில் ஊற்றி வைத்திருந்தது. எண்ணிப் பார்த்தேன். அனுப்ப வேண்டிய வீடு ஏழு.

"எட்டாவது யாருக்கு?"

என் மனைவி குல்சும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வடிவம்மாக்கு. மூணு வருஷமா அனுப்பாம ஈந்தது உங்களுக்காக. இந்த முறை எனக்காக அனுப்புறேன். அவ இனி எந்தப் பெருநாளுக்கு இங்க ஈக்கப் போறா?"

வடிவம்மா செல்லச்சாமியின் மனைவி. பெண்களுக்குள் சண்டை கிடையாது என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். பெருநாளும் அதுவுமாக என்ன பேச? நான் ஒன்றும் பார்க்கவில்லை என்று இருந்துவிட்டேன்.

பெப்ரவரி 10

கிண்ணம் திரும்பி வந்தது. வெறும் கிண்ணம் திருப்பி அனுப்புகிற வழக்கம் இரண்டு வீட்டிலும் இல்லை. நிறையச் சீனி இருந்தது. சீனிக்குமேல் நாலாக மடித்த ஒரு தாள். அவன் கையெழுத்து.

பேராதனைத் தோட்டத்து மரங்கள், வாசலிலிருந்து வரிசையாக, முப்பத்தாறு. தமிழில் பெயர், பக்கத்தில் இங்கிலீஷ் பெயரைத் தமிழ் எழுத்தில். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி: "நாகலிங்க மரத்தைப் பலா என்று சொன்னீர்களாமே நானா. பலா கோபித்துக்கொள்ளும்."

என்ன திமிர்! தாளைக் கசக்கினேன்.

பிறகு விரித்து எடுத்து வைத்தேன். முப்பத்தாறு பெயரை யாராவது வீசுவார்களா?

பெப்ரவரி 19, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்ததும் ஒரு யோசனை. அவன் போவதற்குள் அவன் வாயை அடைக்க வேண்டும். இப்போது கையில் இருக்கும் புத்தகம் இரண்டாவது. முதல் புத்தகம், கச்சேரியில் இருந்த ஒரு கிழட்டுக் கிளார்க் ஐயா சொல்லச் சொல்ல எழுதியது, அலுமாரியில் எங்கேயோ கிடக்க வேண்டும். அதை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, அவன் வீட்டுக்கே அனுப்பிவிட்டால்? பார்த்துக்கொள், அன்றைக்கு எழுதியது, முப்பத்தொரு வருஷத்துக்கு முந்திய மை.

அலுமாரியைக் கொட்டிக் கவிழ்த்தேன். குல்சும் தலையில் கை வைத்தாள். அடித்தட்டில் கிடைத்தது. ஓரம் எல்லாம் பூச்சி அரித்திருந்தது. பக்கம் அரிக்கவில்லை.

அந்த நாளில் எனக்கு இங்கிலீஷ் இலக்கம் எழுத வராது. ஓதின இடத்தில் படித்த அரபு இலக்கம்தான் வரும். அரபு இலக்கத்தில் ஏழு வாயைப் பிளந்து நிமிர்ந்து நிற்கும், எட்டு அதையே கவிழ்த்து வைத்ததுபோல இருக்கும். வாவி என்று எழுதி, பக்கத்தில் வருஷம். ஒன்று. அடுத்தது கவிழ்ந்தது. சுழி. கடைசி நிமிர்ந்தது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தேன்.

1807.

பிறகு இங்கிலீஷ் இலக்கம் பழகி, இரண்டாவது புத்தகத்தில் பெயர்த்து எழுதியபோது கவிழ்ந்ததை நிமிர்த்தி, நிமிர்ந்ததைக் கவிழ்த்துவிட்டேன். நான்தான். என் கையேதான்.

கிளார்க் ஐயா சரியாகச் சொல்லியிருக்கிறார். நானும் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன், முதலில்.

பெப்ரவரி 20

எழுத ஒன்றும் இல்லை.

பெப்ரவரி 24, புதன்

நான்கு நாளாக வாய் திறக்காமல் இருந்தால் குல்சும் விடுவாளா? சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எழுந்து போயிருப்பேன்.

"போய் ஒரு சொல்லு செல்லிட்டு வாங்களே."

"என்னத்தச் செல்ல?"

"பிழைன்னு."

"எத்தன ஆயிரம் பேருக்கு 1708ன்னு செல்லியிருக்கேன், தெரியுமா? அவங்களுக்கெல்லாம் யார் போய்ச் செல்ற?"

"அவங்க கப்பல் ஏறும்போதே மறந்திருப்பாங்க. மறக்காத ஆள் ஒருத்தர்தான். அவரும் கப்பல் ஏறப் போறார்."

கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அஸர் தொழுதுவிட்டு அவன் வீட்டுத் தெருவுக்குப் போனேன். வாசல் திறந்திருந்தது. உள்ளே இரண்டு தகரப் பெட்டி, கயிறு கட்டி. சுவரில் படங்களைக் கழற்றிய இடம் வெள்ளையாகத் தெரிந்தது. வடிவம்மா பார்த்துவிட்டாள். "வாங்க நானா, உள்ள வாங்க! அவங்க கடைக்குப் போயிருக்காங்க, இப்ப வந்துருவாங்க."

"இந்தப் பக்கம் வேற ஒரு வேலையா வந்தேன்" என்று சொல்லித் திரும்பி நடந்தேன்.

அந்தப் பக்கம் எனக்கு என்ன வேலை? அந்தத் தெரு அவன் வீட்டோடு முடிகிறது.

மார்ச் 3, வியாழன்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பெரிய கப்பல். கண்டிக்கு மட்டும் இருபத்துநாலு பேர். கப்பல் கம்பெனி ஏஜென்ட் ஸ்டேஷனிலேயே இரண்டாகப் பிரித்துப் பாதியை அவனிடமும் பாதியை என்னிடமும் கொடுத்தார். இதுதான் அவன் கடைசிக் கூட்டம் என்று தாஸிம் சொன்னான். நான் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான்.

வாவிக்கரையில் நடுத்தீவு தெரிகிற இடத்தில்தான் எல்லாக் கூட்டமும் நிற்கும். நாங்கள் நின்றோம். இருபது அடி தள்ளி அவர்கள் வந்து நின்றார்கள். நான் ராஜாவைச் சொன்னேன், மதில் கட்டியதைச் சொன்னேன், அரண்மனைப் பெண்கள் தீவுக்குப் போன கதையைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே வருஷத்துக்கு வந்துவிட்டேன். அவனிடம் போய்ச் சொல்வது என்னால் ஆகாது. துரைமாரிடம் சொல்வது என் தொழில். மூச்சை இழுத்து, மூன்று வருஷமாகக் கத்திய அதே சத்தத்தில் கத்தினேன்:

"வருஷம் 1807!"

அதே வேளை அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு சத்தம்:

"வருஷம் 1708!"

இருபத்துநாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தாடி வைத்த ஒரு துரை கேட்டான், "இங்கே மொத்தம் எத்தனை வாவி?"

செல்லச்சாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக முகத்துக்கு நேரே நிற்கிறான். முன்பல் ஒன்று போயிருக்கிறது. எனக்குத் தெரியாது.

"என்னா நானா, எண்ணூத்தி ஏழுன்னுட்டீங்க?"

"நீ என்ன எழுநூத்தி எட்டுன்னு செல்றே?"

"போறவன் போறோம், உங்க வருஷத்தையே ஒரு தடவ சொல்லிட்டுப் போவோம்னு நெனச்சேன். உங்களுக்குக் கேக்கட்டும்னுதான் கத்துனேன்."

"பிழையானதக் கத்துவாங்களா? துரைமார் என்ன நினைப்பாங்க? எண்ணூத்தி ஏழுதான். பழைய புத்தகத்துல சரியா எழுதித்தான் ஈக்கிது. பெயர்த்து எழுதினதுலதான் இலக்கம் கவிழ்ந்து போச்சு."

"அப்ப இந்த மூணு வருஷம்?"

"மூணு வருஷமும் நீயும்தான் பேசல்ல."

"பேசலாம்னு பாத்தா நீங்க தண்ணியப் பாத்துக்கிட்டுப் போவீங்க!"

"நீ மரத்தப் பாத்தே."

அவன் சிரித்தான். 1929இல் சிரித்ததும் இதே சிரிப்புதானோ என்று தோன்றியது. அன்றைக்கு நான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டேனோ? தெரியவில்லை. இனிமேல் தெரிந்து என்ன?

பிறகு இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக்கிவிட்டோம். தலதா மாளிகை நான். யானை அவன். பேராதனையில் இருபத்துநாலு பேருக்கும் அவன் மரம் காட்டிக்கொண்டு போக, நான் பின்னால் சும்மா நடந்தேன். எத்தனை சுகம்! நாகலிங்க மரத்தடியில் நின்று என் பக்கம் திரும்பி, "நானா, இது என்னா மரம்?" என்றான்.

"பலா" என்றேன்.

மார்ச் 17, வியாழன்

சாமியையும் வடிவம்மாவையும் கொழும்பு ரயிலில் ஏற்றிவிட்டோம். குல்சும் எட்டாவது கிண்ணத்தை வட்டிலப்பத்தோடு கொடுத்தாள். பெருநாள் இல்லாத நாளில் எங்கள் வீட்டில் வட்டிலப்பம் செய்தது இதுதான் முதல் தடவை. "கிண்ணத்த எப்பிடி நான் திருப்பி அனுப்புவேன்?" என்றாள் வடிவம்மா. "அதுக்குத்தான் தாறேன், கொண்டு வந்து தாங்க" என்றாள் குல்சும்.

முப்பது வருஷம் கப்பல்காரரோடு திரிந்தும் நாங்கள் இரண்டு பேரும் ஒரு கப்பலில் கால் வைத்ததில்லை. சாமி கலஹாவில் பிறந்தவர். கடல் தாண்டுவது இப்போதுதான்.

ஜன்னலில் கை வைத்துக்கொண்டு, "ஏதாவது சொல்லுங்க நானா" என்றார்.

"இறங்கின ஊர்ல கைடு யாராவது வருஷத்தப் பிழையாச் செல்லுவான். திருத்தப் போகாதே."

சிரிக்கப் போனவர் சிரிக்கவில்லை. நானும் அந்த நேரம் எஞ்சினைப் பார்த்தேன். ரயில் போய்விட்டது.

ஏப்ரல் 16, சனி

கப்பல் இருந்தது, ஒன்பது பேர். பேராதனையில் தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு முப்பத்தாறு மரத்தையும் காட்டினேன். கசங்கிய தாள், இரண்டு பெயர் மடிப்பில் அழிந்துவிட்டது. அந்த இரண்டு மரத்தையும் வேகமாக நடந்து கடந்தோம்.

வீட்டுக்கு வந்தால் தூத்துக்குடியிலிருந்து ஒரு கார்டு. சுகம். மகன் வீடு வசதி. கிண்ணம் உடையாமல் வந்து சேர்ந்தது. இங்கே வெயில், பார்க்க மரமே இல்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தார்.

மேலே வலது மூலையில் தேதி: ஏப்ரல் 11, 1708.

குல்சும் பயந்துவிட்டாள், நான் அப்படிச் சிரித்தேன்.

உடனே பதில் எழுதினேன். தேதி மட்டும் போட்டேன். வருஷம் போடவில்லை. அதை அவர் போட்டுக்கொள்ளட்டும்.