கால்வின் என்றால் என்ன அர்த்தம்

கையில் தேய்த்துக்கொண்ட கிருமிநாசினியின் வாடை இன்னும் போகவில்லை. உன்னைக் கடைசியாகப் பார்த்த வார்டிலும் இதே வாடைதான். அதனாலோ என்னவோ, பயம் வந்தால் உனக்கு எழுதத் தோன்றுகிறது.

எனக்குப் பேரன் பிறந்திருக்கிறான். இரண்டு மாதம் முந்திவிட்டான். அமெரிக்காவில், மகன் இருக்கும் சான் ரமோனில், ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறான். கையில் நரம்பு கிடைக்காமல், தலையில் ஊசி ஏற்றுவதற்காக முடியை மழித்திருக்கிறார்கள்.

கால்வின் என்று பெயர் முடிவு செய்தார்கள். "மீனிங் மட்டும் நீங்க செக் பண்ணுங்கப்பா" என்றான் மகன். மூன்று அகராதிகளைப் பார்த்தேன். என்மேல் நம்பிக்கையில்லாமல் நான்காவதையும் பார்த்தேன். லத்தீனில் வழுக்கை. அது பிரெஞ்சுக்காரர்களின் குடும்பப் பெயராகி, பிறகு ஆங்கிலத்தில் ஆண்பிள்ளைகளுக்கு வைக்கும் பெயராயிற்று.

"நல்ல பேரா மாமா?" என்று மருமகள் கேட்டாள். "ரொம்ப நல்ல பேரும்மா" என்றேன். அழுது வீங்கிய அந்த முகத்திடம் வேறு சொல்லத் தைரியமில்லை. மத்தியானம் பிறப்புப் பதிவுப் படிவம் போகவேண்டும். காரில் போய் உட்கார்ந்தேன். மழித்த தலையும் இந்தப் பெயரும் சேர்ந்து அபசகுனமாகப் பட்டன. சொல்லாமல் விட்டு, ஏதாவது ஆகிவிட்டால்?

அப்போதுதான் உன் நினைவு வந்தது. உனக்கு முன் பிறந்த மூன்றும் தங்காததால் உன்னைக் குப்பைமேட்டில் கிடத்தி, தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கி, அந்தக் குப்பையையே பெயராக வைத்தார்கள். கல்லூரியில் உன் பெயரைக் கூப்பிட்டால் வகுப்பே சிரிக்கும். கூசிப்போவது நான்தான். நீ என் தோளைத் தட்டி, "எமன் வந்து பேரைக் கேட்டான்னா மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடிருவான்டா. உன் பேருக்கு அப்படி என்ன கியாரண்டி?" என்பாய். எழுபத்தாறு வருஷம் ஓட்டினாய்.

உள்ளே போய் உண்மையைச் சொன்னேன். உன் கதையையும் சொன்னேன்.

"இதுக்குப் போயாப்பா பொய் சொன்னீங்க?" என்று மகன் சலித்துக்கொண்டான்.

மருமகள் பெட்டிக்குள் பார்த்தபடி, "டேய் மொட்டை" என்றாள். பத்து நாளில் முதல்முறையாகச் சிரித்தாள். "அதே பேர் இருக்கட்டும் மாமா. நீங்களே கூப்பிடுங்க."

நர்ஸ் திறந்துவிட்ட வட்டத் துளை வழியாகப் பெயரை மூன்று முறை சொன்னேன்.

படிவம் போய்விட்டது. மூச்சுக்குழாயை இன்னும் எடுக்கவில்லை. ஆனாலும் தினமும் காலையில் கார் நிறுத்துமிடத்திலிருந்து லிஃப்ட் வரை, யார் திரும்பிப் பார்த்தாலும், பேரனின் பெயரை அர்த்தத்தோடு சேர்த்து உரக்கச் சொல்லிக்கொண்டே போகிறேன். விழவேண்டிய காதில் விழட்டும்.