எனக்குத் தெரிந்திருந்தது

ஆம்பூர்
18.8.2024

அன்புள்ள கோபி அண்ணனுக்கு,

நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். அங்கே மழையும் குளிரும் என்று சொன்னாயே, உன் நெஞ்சுச் சளி இதற்குள் குறைந்திருக்க வேண்டும். உங்கள் கம்பெனியில் சேரப்போகிற ஷாஹித் செவ்வாய்க்கிழமை எத்தியோப்பியாவுக்கு விமானம் ஏறுகிறார். அவரிடம் எலுமிச்சை ஊறுகாயும் இரண்டு லுங்கியும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன்.

ஃபோனில் பேசலாமே என்பாய். ஃபோனில் நீ கொஞ்சம் அதட்டினால் நான் “சரிண்ணா” என்றுவிடுவேன். போன ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னாய், அப்போதும் அப்படித்தான் சொன்னேன். நான் கையெழுத்துப் போடவில்லை. போடப் போவதும் இல்லை.

நடந்ததைப் பஞ்சாட்சரம் சார் சொல்லித்தான் நீ கேட்டிருக்கிறாய். இப்போது நான் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

மே மாதம், வெயில் கொளுத்திய நாட்களில், சோல் ஒட்டுகிற பசை ஷூ ஃபேக்டரிக்குப் புது டின்களில் வந்தது. நான் செக்கிங் மேஜையில் இருந்தேன். ஒட்டி வந்த ஷூவைக் கையில் எடுத்து வளைத்தேன். முனையில் மெல்லிய கோடாக வாய் திறந்தது. அடுத்ததை எடுத்தேன். பதினொன்றை வளைத்துப் பார்த்தேன், ஐந்தில் அப்படி இருந்தது. ஒன்றைத் தூக்கிக்கொண்டு சூப்பர்வைசர் மேஜைக்கு, பஞ்சாட்சரம் சாரிடம் போனேன். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “சார், தப்பா நெனச்சுக்காதீங்க, எனக்குச் சரியாத் தெரியல, முனையில லேசாத் தூக்குற மாதிரி இருக்கு சார்.”

அவர் ஷூவைக் கையில் வாங்கவில்லை. “மாதிரின்னா இன்னா? தூக்குதா, தூக்கலையா?” என்றார். நான், “தெரியல சார், நீங்க ஒரு தடவ பாத்தா நல்லாருக்கும்” என்றேன். “கண்டெய்னர் வெளிய நிக்குது, பேஜார் பண்ணாத, போம்மா” என்று அனுப்பிவிட்டார். நானும் வந்து என் மேஜையில் நின்றுகொண்டேன். கண்டெய்னர் போய்விட்டது.

ஜூலையில் சரக்கு முழுவதும் வேண்டாமென்று வாங்கியவர்களிடமிருந்து தகவல் வந்தது. யார் பார்த்து அனுப்பியது என்று கேட்டார்கள். பூர்ணிமா என்று என் பெயரைச் சொன்னார்கள். பஞ்சாட்சரம் சாரைக் கேட்டபோது, “அவளே தெரியலன்னுதான் சொன்னா” என்றிருக்கிறார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை அண்ணா. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

பக்கத்து மேஜை லுப்னாவிடம் அழுதேன். மே மாதம் நான் சாரிடம் பேசியதை அவளும் கேட்டிருந்தாள். “நீ சொன்னது சரி. ஆனா நீ சொன்ன விதத்துலயே கதவத் தொறந்து வெச்சுட்ட, அவரு வெளிய போய்ட்டாரு” என்றாள். அன்று முழுவதும் என் பேச்சை நானே கவனித்தேன். தண்ணீர் கேட்பதற்கு “சாரி” என்றேன். வாட்ச்மேனிடம் மணி கேட்பதற்கு “தப்பா நெனச்சுக்காதீங்க” என்றேன். பள்ளிக்கூடத்திலேயே, விடை தெரிந்தும், “தெரியல டீச்சர், இதுவா இருக்கலாம்” என்று சொன்னவள் நான். வேலைக்குச் சேர்ந்த அன்று கேட் வாசலில் நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? “தெரிஞ்சாலும் தெரியாத மாதிரியே இரு. அப்பதான் மரியாதையா வெச்சுப்பாங்க.” மூன்று வருடம் அப்படியே இருந்தேன். அவர்கள் என்னைத் தெரியாதவளாகத்தான் வைத்துக்கொண்டார்கள்.

போன புதன்கிழமை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் ஷபீ அஹமது, எச்.ஆர். மேடம், பஞ்சாட்சரம் சார் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். “எனது கவனக்குறைவால் இந்தத் தவறு ஏற்பட்டது, மன்னிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்” என்று டைப் அடித்த தாளை மேடம் நீட்டினார். எனக்கு வெள்ளைத் தாள் வேண்டும் என்றேன். “எதுக்கு?” என்றார். “நானே எழுதித் தரேன்” என்றேன். நின்றபடியே எழுதினேன்.

“மே இருபத்தொன்றாம் தேதி மதியம் முனை தூக்குவதைப் பார்த்தேன். பஞ்சாட்சரம் சாரிடம் ஷூவைக் கொண்டுபோய்ச் சொன்னேன். சரியாகத் தெரியவில்லை என்றும் சொன்னேன். அது பொய். எனக்குத் தெரிந்திருந்தது. அவர் ஷூவை வாங்கிப் பார்க்கவில்லை.”

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். “உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். “பதினோரு ஷூவ வளைச்சுப் பாத்தேன் சார். அஞ்சுல வாய் தொறந்துச்சு” என்றேன். அவர் குடோனிலிருந்து அதே லாட்டில் மீந்த பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். தானே ஒன்றை எடுத்து வளைத்தார். வாய் திறந்தது. மேஜைமேல் வைத்துவிட்டு, எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டி, “நீங்க உக்காருங்கம்மா” என்றார். அந்த அறையில் என்னை ஒருவர் “நீங்க” என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அப்போதுதான் பஞ்சாட்சரம் சார் தன் ஃபோனை எடுத்தார். “இவ அண்ணனே மன்னிப்பு கேட்டுருக்கான். தப்பு இல்லாமயா கேப்பான்?” என்று சொல்லி, நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரலைப் போட்டுக் காட்டினார். “சின்னப் பொண்ணு சார், அதுக்கு இன்னா தெரியும். மனசுல வெச்சுக்காதீங்க சார்.” உன் குரலைக் கேட்டு மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணா, எனக்கு இருபத்தொன்பது வயது.

நீ என் வேலை போய்விடக் கூடாதென்றுதான் பேசினாய். உனக்கு என்மேல் பாசம் இல்லை என்று நான் எந்த நாளும் சொல்ல மாட்டேன். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தெரியாதவள் என்று எனக்குப் பதிலாக நீயே சொல்லிவிட்டாய்.

முடிவை இருபத்தாறாம் தேதி திங்கட்கிழமைக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதுவரை என்னை நூல் வெட்டுகிற இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் நாளைக்கே பழைய மேஜை என்று மேடம் சொல்லியனுப்பினார். வேண்டாம் என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பினேன். என் மேஜையில் இப்போது லுப்னா நிற்கிறாள். வெள்ளிக்கிழமை ஒரு ஷூவைப் பஞ்சாட்சரம் சார் கையில் கொடுத்து, “ஒட்டல சார்” என்றாளாம். இரண்டே சொல். அவர் வாங்கிப் பார்த்திருக்கிறார். எனக்குத் திமிர் என்றும், லைனையே கெடுத்துவிட்டேன் என்றும் அவர் சொல்லித் திரிகிறார். சொல்லட்டும்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்கு. திங்கட்கிழமைக்குள் மேனேஜருக்கு உன் குரலிலேயே அனுப்பு. என் தங்கையைக் கேட்காமல் பேசிவிட்டேன், அவள் தவறு செய்யவில்லை என்று சொல். பஞ்சாட்சரம் சார் உனக்கு வேலை கற்றுத் தந்தவர், அவர் மனம் நோகும் என்று உனக்குச் சங்கடமாக இருக்கும். எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

அம்மா, “அவங்கிட்ட நான் சொல்லிக்கறேன், நீ எழுதாத” என்றாள். இது நான் கேட்க வேண்டியது என்று சொல்லிவிட்டேன். ஊறுகாயை வெயிலில் வைத்து எடு. உடம்பைப் பார்த்துக்கொள். உன் குரலுக்காகக் காத்திருப்பேன்.

உன் தங்கை,
பூர்ணிமா