பித்தளை அச்சு

டேட்டன், ஓஹையோ
மார்ச் 9, 1971

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய ஆப்பிள் வற்றல் கெடாமல் வந்து சேர்ந்தது. அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

இனி எழுதுவதை உட்கார்ந்துகொண்டு படி. அப்பாவின் துப்பாக்கி என் மேசையில் இருக்கிறது.

வியாழக்கிழமை எங்கள் துப்பாக்கிப் பட்டறை முதலாளி கெஸ்லர் ஒரு நீளப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். கென்டக்கியில் ஒரு டாக்டராம். பழைய துப்பாக்கி சேர்க்கிற ஆளாம். குழல் தேய்ந்துவிட்டதாம். செப்டம்பரில் மாட்டுப் பந்தயத்தில், அதுதான் மாட்டுக்கறியைப் பரிசாக வைத்துக் குறி பார்த்துச் சுடுவார்களே, அதில் இதைத் தூக்கிச் சுட வேண்டுமாம். "உங்க பக்கத்து ஆளுதான், நீயே பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். பெட்டியைத் திறந்தால் நம் துப்பாக்கி. நாலு வயதில் நீ கீழே போட்டு விரிசல் விட்ட கட்டையில் அப்பா சுற்றிய செம்புக் கம்பி அப்படியே இருக்கிறது.

குழலுக்குள் விளக்கைக் காட்டிப் பார்த்தேன். உள்ளே சுருண்டு போகும் வரிகள் பாதி அழிந்துவிட்டன, மிச்சத்தைத் துரு தின்கிறது. யாரோ ஒருமுறை சுட்டுவிட்டு, வெந்நீர் ஊற்றிக் கழுவாமல் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். யாரோ என்ன, அந்த டாக்டர்தான். நான் யார் மகன் என்று கெஸ்லருக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது.

என்ன செய்யட்டும்?

உன் தம்பி,
ஆர்லிஸ்

*

லாரல் கிளை, கென்டக்கி
மார்ச் 16, 1971

என் தம்பி ஆர்லிஸுக்கு,

அம்மாவின் முழங்கால் இருக்கட்டும். உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. அடுப்பில் பீன்ஸ் கருகும்வரை நான் மட்டும் நாலு தடவை படித்தேன்.

துப்பாக்கி கைமாறிய அன்றைக்கு நீ ஊரில் இல்லை. நான் இருந்தேன். அப்பா படியேற முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். துப்பிய எச்சில் கறுப்பாக இருந்தது. சுரங்கக் கம்பெனி டாக்டர் பிரூவிட் உள்ளே வந்து, அப்பாவின் நெஞ்சைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரைப் பார்த்தான். "இத எனக்குக் குடு, வெர்லின். உள்ளத உள்ளபடி எழுதித் தர்றேன்" என்றான். நான்தான் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துக் கொடுத்தேன். போய் எழுதியது என்ன? "ஆஸ்துமா. சிகரெட் பழக்கம். வேலைக்குத் தகுதியானவர்." அந்தக் காகிதத்தோடு அப்பா மறுபடி சுரங்கத்துக்குள் இறங்கினார். அடுத்த குளிர்காலத்தில் அவரை மேலே தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதே காகிதத்தைக் காட்டித்தான் அம்மாவின் நஷ்டஈட்டு மனுவையும் தள்ளுபடி செய்தார்கள்.

என்ன செய்யட்டும் என்று கேட்கிறாயே. உனக்கு இரும்பு தெரியும். அவன் முகத்துக்கு நேரே வெடிக்கிற மாதிரி செய். தேய்ந்த பழைய குழல், யார் கேட்கப்போகிறார்கள்?

வருஷா வருஷம் மாட்டைக் கொடுத்துப் பந்தயம் நடத்துகிறவன் அவன்தான். நாலு காலும் நாலு பங்கு, ஐந்தாவது பங்கு தோலும் கொழுப்பும். கம்பெனி கசாப்புக் கடையில் நின்று அவன் பங்கு பிரித்துக் கொடுக்க, நம் ஆட்கள் தொப்பியைக் கழற்றி வாங்குகிறார்கள். இந்த வருஷம் அவன் தலையும் ஒரு பங்காக இருக்கட்டும்.

உன் அக்கா,
டெல்ஃபியா

*

டேட்டன்
ஜூன் 27, 1971

அன்புள்ள அக்கா,

மூன்று மாதமாக நான் பதில் போடாததற்கு நீ திட்டி எழுதிய இரண்டு கடிதமும் கிடைத்தன.

வெடிக்கவைக்க மாட்டேன். தூக்குகிறவன் யார் என்று பார்த்துக் குழல் வெடிக்காது. பக்கத்தில் நிற்பவன் நம் ஆளாகத்தான் இருப்பான். இதற்கு மேல் என்னிடம் இதைக் கேட்காதே.

ஆனால் நான் சும்மாவும் இருக்கவில்லை. குழலை நம் ஊர் வழியில் புதுப்பித்துவிட்டேன். உள்ளே ஈயத்தை வார்த்து, அதில் சின்ன வெட்டுப் பல்லைப் பதித்து, பழைய வரியின் தடத்திலேயே இழுத்து இழுத்து ஆழமாக வெட்டினேன். பல்லுக்கு அடியில் ஒவ்வொரு காகிதத் துண்டாக வைத்து உயர்த்தினேன். துரு மொத்தமும் போய்விட்டது. உள்ளே பார்த்தால் ஓடைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. அழுதேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

வரி வெட்டினால் குழலின் வாய் பெரிதாகும். பழைய அச்சில் வார்த்த குண்டு அதற்குள் லொடலொடவென்று ஆடும். அதனால் துப்பாக்கியோடு புது அச்சையும் சேர்த்துக் கொடுப்பதுதான் முறை. நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விலைக்கு வாங்கிச் சுவரில் மாட்டுகிறவனுக்கு அது தெரியாது. பழைய அச்சை அவன் பத்திரமாக வைத்திருக்கிறான், அதுதான் ஜோடி என்று நினைத்துக்கொண்டு. நினைக்கட்டும். துப்பாக்கியை மட்டும் அனுப்பிவிட்டேன். புது அச்சு இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. பித்தளை, நானே கடைந்தது.

ஊர் பார்க்க அவன் மரத்தையும் மேகத்தையும் சுடட்டும். நீ ஓரமாக நின்று பார், அது போதும். அச்சைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விடாதே. கெஸ்லருக்குத் தெரிந்தால் எனக்கு இந்தத் தொழிலே இல்லை.

உன் தம்பி,
ஆர்லிஸ்

*

லாரல் கிளை
செப்டம்பர் 7, 1971

என் தம்பிக்கு,

நேற்று பந்தயம் நடந்தது. எல்லாவற்றையும் எழுதுகிறேன், நடுவில் கோபப்படாமல் கடைசிவரை படி.

நீ சொன்னபடியேதான் ஆனது. பிரூவிட் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து, மரக்கட்டை மேல் துப்பாக்கியைச் சாய்த்து மூன்று தடவை சுட்டான். ஒன்றுகூடக் குறிப் பலகையில் படவில்லை. கூட்டத்தில் யாரோ, "டாக்டரய்யா, மாடு இந்தப் பக்கம் இருக்கு, பாத்து" என்றான். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. அதோடு விட்டிருந்தால் நானும் நீ சொன்னபடி வீட்டுக்குப் போயிருப்பேன்.

ஆனால் அவனுக்குக் கூச்சம் என்பது இருந்தால்தானே? சிரித்துக்கொண்டே ஹோபர்ட் ஃபூகேட்டைக் கூப்பிட்டுத் துப்பாக்கியைக் கையில் திணித்தான். அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் இருந்த அதே ஹோபர்ட். நாலு வருஷமாகப் பின்னங்காலை ஜெயிக்கிறவர், அவர் வீட்டில் குளிர்காலக் கறி என்றால் அதுதான். எஜமான் துப்பாக்கியை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அவர் சுட்டதும் காற்றில்தான் போனது. இரண்டாவது தடவை சுட்டுவிட்டு, கட்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறினார். அப்போது பிரூவிட் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "துப்பாக்கில கோளாறு இல்லப்பா. இவனுக்கு நெஞ்சுல காத்தே இல்ல. இந்த நெஞ்ச வெச்சுக்கிட்டு எங்க சுடறது?"

என்னால் பொறுக்க முடியவில்லை, ஆர்லிஸ். "போன மாசம் அவரு நெஞ்சுல ஒண்ணுமே இல்லன்னு நீங்கதான டாக்டர் எழுதுனீங்க?" என்றேன்.

உன் அச்சில் நான் வார்த்த குண்டு மூன்று என் பையில் இருந்தன. ஒன்றை எடுத்து ஹோபர்ட்டிடம் கொடுத்தேன். துணியில் சுற்றி உள்ளே தள்ளும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினார். சுட்டார். நடுப் புள்ளி பறந்தது.

அந்தக் குண்டு எங்கே கிடைத்தது என்று பிரூவிட் கேட்டான். சொல்லிவிட்டேன். குழலை வெட்டியவன் வெர்லின் மகன், அச்சு என்னிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவன் கையை நீட்டினான். "எங்கப்பா நெஞ்சுல என்ன இருந்துச்சு, அத இங்க சொல்லுங்க. அச்சு உங்களுக்கு" என்றேன். அவன் சுற்றிலும் பார்த்தான். நாற்பது பேர், எல்லோரும் அவன் எழுதிக் கொடுத்த காகிதத்தோடு சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள். அவனுக்கோ துப்பாக்கி மேல்தான் கண்.

"நிலக்கரித் தூசிதான். அதுக்கு இப்ப என்ன?" என்றான்.

கட்டை வெட்டிய கோடாரி அங்கேயே கிடந்தது. அச்சைக் கட்டை மேல் வைத்து, கோடாரியின் பின்பக்கத்தால் இரண்டு அடி போட்டேன். அது தகடாகிவிட்டது.

"தர்றேன்னு சொன்னியே" என்றான். குரல் சின்னப் பிள்ளை குரல் மாதிரி இருந்தது.

"நீங்களும் எழுதித் தர்றேன்னுதான் சொன்னீங்க" என்றேன்.

உன் பெயரைச் சொன்னது தப்புதான். ஆனால் அவன் முகத்தை நீ பார்த்திருந்தால், என்னை இன்னொரு அடி போடச் சொல்லியிருப்பாய்.

உன் அக்கா,
டெல்ஃபியா

*

டேட்டன்
செப்டம்பர் 25, 1971

டெல்ஃபியா,

உன் கடிதத்துக்கு முன்னால் டாக்டரின் கடிதம் வந்துவிட்டது. கெஸ்லர் கத்தவில்லை. என் உளிகளைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார். "அரைகுறையா வேல செஞ்சு என் கடைப் பேர்ல அனுப்பிருக்க. ஏன்னு நான் கேக்கல" என்றார். பத்து வருஷம் அவரிடம் வேலை செய்திருக்கிறேன். இந்த ஊரில் இந்தத் தொழிலுக்கு வேறு கடை இல்லை.

நான் கேட்டது ஒன்றே ஒன்று, வாயை மூடிக்கொண்டிரு என்று. உன் ஆத்திரம் தீர என் சோற்றைக் கொட்டினாய். அதையாவது பொறுத்துக்கொள்வேன். அந்த அச்சை உடைத்தாயே! ஒருநாள் அந்தத் துப்பாக்கி நம் கைக்குத் திரும்பிவரும், அப்போது அது சுட வேண்டும் என்றுதான் அச்சை உன்னிடம் கொடுத்தேன். என் ஆயுளில் நான் செய்த நல்ல வேலை அது ஒன்றுதான். இனி அந்தக் குழல் யாருக்கும் உதவாது.

நாற்பது பேர் கேட்டார்கள் என்று குதிக்கிறாய். அதில் ஒருவனாவது நீதிபதி முன்னால் வந்து சொல்வானா? மாட்டான். உனக்கே தெரியும்.

அம்மாவிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்.

ஆர்லிஸ்

*

லாரல் கிளை
நவம்பர் 30, 1971

என் தம்பி ஆர்லிஸுக்கு,

ஒருவன் வருவானா என்று கேட்டாயே. ஹோபர்ட் நீதிமன்றத்துக்குப் போனார். படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி, கேட்டதைச் சத்தியம் செய்து சொன்னார். அவர் பின்னால் இன்னும் ஆறு பேர். அம்மாவின் மனுவை மறுபடி எடுத்திருக்கிறார்கள். என்ன ஆகும் என்று தெரியாது. பிரூவிட்டின் வாசல் பெஞ்சில் இப்போது நாய்தான் படுத்திருக்கிறது. நம் ஆட்கள் மலையைத் தாண்டி வேறு டாக்டரிடம் போகிறார்கள். அவன் ஜன்னலில் நின்று பார்க்கிறான். கடைக்குப் போகும்போதெல்லாம் நான் அந்த ஜன்னல் வழியாகத்தான் போகிறேன், சுற்று வழியானாலும். எனக்கு வருத்தம் இல்லை. உன் வேலை போனதற்கு மட்டும்தான் வருத்தம். அதையும் சேர்த்து அவன் கணக்கில்தான் எழுதிவைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் சென்ற மாதமே எழுதிப் போட்டேன். அந்தக் கடிதம் பிரிக்கப்படாமல் நேற்று திரும்பி வந்தது. உறை மேல், "இந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை" என்று எழுதியிருக்கிறது. உன் கையெழுத்து. பென்சிலைப் பிடித்து உனக்கு எழுதப் பழக்கினது நான்தான்டா, எனக்குத் தெரியாதா?

பிரூவிட்டுக்கு அடுத்தபடி இந்த வீட்டுக்குப் பொய்யை எழுதி அனுப்பியவன் நீதான். அவனையே நான் விடவில்லை, உன்னையா விடப்போகிறேன்? நீ திருப்பி அனுப்ப அனுப்ப எழுதுவேன். அதே கையெழுத்தில் திருப்பி அனுப்பிக்கொண்டே இரு. உயிரோடு இருக்கிறாய் என்று அம்மாவிடம் சொல்ல எனக்கு அது போதும்.

விடாத அக்கா,
டெல்ஃபியா