பின் அடித்த கடைசி அத்தியாயம்

என் கலாக்காவுக்கு,

மணி மூன்றரை. நான்கு மணி பஸ்ஸில் முருகேசன் சார் மலையிறங்குகிறார். செங்கத்துக்கு மாற்றல். நானோ பள்ளி ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து, நாற்பது நாளுக்கு முன் நெஞ்சுவலியில் போய்விட்ட உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கு என்ன ஆயிற்று அக்கா?

நீ கடைசியாகக் கொடுத்த காதல் நாவல் மடியில் இருக்கிறது. “எப்படியும் சேரத்தான் போறாங்க, அதுக்கு முந்நூறு பக்கமா?” என்று கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எத்தனை நாவலைத் திருப்பித் தந்திருப்பேன்! கணக்கு டீச்சர் புத்தி. அதனால்தானே இந்த முறை கடைசி அத்தியாயத்தைச் சுற்றி ஸ்டேப்ளர் பின் அடித்துக் கொடுத்தாய்.

“மொதல்ல சாருக்கு ஒரு பதில சொல்லு வசந்தி. அப்பால இந்தப் பின்ன கயட்டு” என்றாய். அவர் என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டிருந்தார். “நாப்பத்தோரு வயசுல இன்னாக்கா கல்யாணம்?” என்று மழுப்பினேன்.

நீ போன பிறகு உன் ஞாபகத்துக்காகத்தான் நாவலைத் திறந்தேன். பிடித்துவிட்டது அக்கா! கதாநாயகி செல்போன் ரிப்பேர் கடைக்காரி. அவன் நல்ல போனையே ஐந்து தடவை ரிப்பேருக்குக் கொண்டுவருகிறான். பஸ்ஸில் தனியாகச் சிரித்து மானம் போயிற்று. கடைசியில் ரயில் ஏறப்போகும்போது, “போகட்டுமா?” என்கிறான். அவள் வாயைத் திறக்கிறாள். அங்கே உன் பின்!

இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். ‘இரு’ என்ற இரண்டு எழுத்துதான் தெரிந்தது. இருங்களா, இருக்கட்டுமா, இருட்டா? யாரைக் கேட்பேன்?

வளைவில் ஹாரன் கேட்கிறது. போய்ட்டு வர்றேன் அக்கா.

வந்துவிட்டேன். அவர் படியில் ஒரு காலை வைத்திருந்தார்.

“இருங்க சார்!” கத்தியே விட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. “எனக்குச் சம்மதம்.”

“மூணு மாசமா வாயத் தொறக்கல. இப்ப இன்னா டீச்சர், திடீர்னு?”

“ஒரு கதைக்கு முடிவு தெரியணும்ங்க.”

கண்டக்டர் விசிலடித்தார். சார் காலைக் கீழே எடுத்து வைத்தார். இப்போது எதிரில் உட்கார்ந்து டீ குடிக்கிறார். நாளைக் காலை பஸ்ஸில்தான் போவார். இதைச் சொல்ல நீ இல்லையே என்று அழுகை வருகிறது.

பின்னைக் கழற்றப்போகிறேன். சத்தியமாக வரிசையாகத்தான் படிப்பேன் அக்கா, கடைசிப் பக்கத்துக்குத் தாவமாட்டேன்.

உன் கூடப்பிறக்காத தங்கச்சி,
வசந்தி