திரையில் ஓடிய பேச்சு

ஜூன் 12
மகளின் வகுப்புக்குப் புதுக் கருவி வந்திருக்கிறது. டீச்சர் கழுத்தருகே சின்ன மைக்கைக் குத்திக்கொள்கிறார். அவர் பேசுவதெல்லாம் இவள் டேப்லெட்டில் எழுத்தாக ஓடுகிறது. காது கேளாத பிள்ளை, எட்டாம் வகுப்புவரை உதட்டைப் பார்த்தே ஒப்பேற்றியவள். இன்று டீச்சர் ஏதோ ஜோக் சொன்னாராம். எல்லோரும் சிரித்தபோதே தானும் சிரித்ததாகச் சைகையில் திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.

ஜூன் 20
டீச்சர் பலகைப் பக்கம் திரும்பி நின்றாலும் பாடம் புரிகிறதாம்!

ஜூலை 3
சாப்பிடவில்லை. பள்ளிக்கும் போகமாட்டாளாம். காய்ச்சலா? யாராவது அடித்தார்களா? எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான்.

ஜூலை 4
சொல்லிவிட்டாள். இடைவேளையில் டீச்சர் மைக்கை அணைக்க மறந்துவிட்டார். வராந்தாவில் பக்கத்து வகுப்பு டீச்சரிடம் பேசியது அத்தனையும் இவள் திரையில் வந்திருக்கிறது. "இந்தப் பொண்ணு ஒருத்திக்காக மொத்த கிளாஸையும் இழுத்துட்டுப் போறேன். பெத்தவங்க வீட்டோட வச்சிக்கிட்டா என்னவாம்?"

என் பிள்ளை உன்னை என்னடி பண்ணுச்சு?

அவள் டைப் செய்து கேட்டது ஒன்றுதான்: "முன்னாடியும் இப்படித்தான் பேசினாங்களாம்மா?"



ஜூலை 5
நாங்கள் பேசுவதும் எழுத்தாக ஓடும்படி, சாப்பாட்டு மேசை நடுவில் டேப்லெட்டை வைத்தாள். நானும் இவரும் வாயே திறக்கவில்லை.

ஜூலை 8
தலைமையாசிரியையைப் பார்த்தோம். இவர் கத்தினார். அந்த அம்மா அசரவில்லை. "பாடம் நடத்தும்போது மட்டும் மைக் போடச் சொல்றேன். இதைப் போய் பெருசு பண்ணாதீங்க." டீச்சர் ஓரமாக நின்று அழுதார். அழட்டும் — திரும்பி வரும்போது பஸ்ஸில், ஐம்பது பிள்ளைகளோடு தனியாக மல்லுக்கட்டுகிறவர்தானே அவரும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கும் எரிச்சல்தான் வந்தது.

ஜூலை 22
டீச்சர் இப்போது அளந்து அளந்துதான் பேசுகிறார். 'பக்கம் முப்பது. எழுதுங்கள்.' மற்றதெல்லாம் மைக்கை அணைத்துவிட்டு. வகுப்பே கலகலக்கும்போது இவள் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு...

ஆகஸ்ட் 2
"காது கேட்காத பிள்ளைங்க படிக்கிற ஸ்கூல்ல சேர்த்துவிடும்மா." அவளே டைப் செய்து காட்டினாள். விடுதியில்தான் தங்க வேண்டும். "பதிமூணு வயசுப் பிள்ளையை எப்படிடி விட்டுட்டு வர்றது?" என்கிறார் இவர். எல்லாப் பிள்ளைகளோடும் ஒன்றாகப் படிக்கட்டும் என்று நாயாய் அலைந்து சேர்த்தவள் நான். தோற்றுவிட்டேன்.

செப்டம்பர் 15
விடுதிக்குப் போனேன். மாடிப்படியில் தோழிகளோடு உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி முடிப்பதற்குள் இன்னொருத்தி குறுக்கே புகுந்து — கைகள் பறந்தன. வீட்டில் நாங்கள் காட்டும் சைகை இல்லை, வேறு மொழி. ஒன்றும் பிடிபடவில்லை. தோளைத் தொட்டு, என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டேன். அப்புறம் சொல்வதாகக் கை காட்டிவிட்டு, அவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.