புட்டம்மா கத்தமாட்டாள்

அன்புள்ள மகனே,

காவிரிக் கலவரத்தில் தமிழர் வீடுகளைத் தேடி அடித்த வருஷம், நீ கைக்குழந்தை. அதை வைத்து நீ எழுதிய கதையை மாடிவீட்டு வீணா வாசித்துக் காட்டினாள். நான் சொல்லச் சொல்ல இதையும் அவள்தான் எழுதுகிறாள்.

கதையில் பக்கத்துவீட்டுப் புட்டம்மா கூச்சலிட்டு, எதிர்வீட்டு முனிகிருஷ்ணனைக் காட்டிக்கொடுத்துச் சாகடிக்கிறாள். அவள் குரல் உயர்த்தி நான் கேட்டதேயில்லை. அன்று கும்பல் வந்தபோது நம் வாசற்படியில் உட்கார்ந்து ராகி புடைத்தபடி, "இது நம் மனே, ஹோக்ரப்பா" என்று கன்னடத்தில், இது தன் வீடு, போங்கள் என்றாள். முறத்திலிருந்து நிமிரவில்லை.

"தமிளர மனே யாவுது?" என்று, தமிழர் வீடு எது எனக் கேட்டார்கள்.

அவள் முதுகுக்குப் பின்னால் நின்ற நான் எதிர்வீட்டைக் கைகாட்டினேன்.

புத்தகம் அச்சுக்குப் போகுமுன் மாற்று. கைகாட்டினவனைக் கெட்டவனாக எழுதாதே, பயந்தவனாக எழுது, வாசிப்பவர்கள் நம்புவார்கள்.

அதைப் பார்த்தவர்களில் இன்னும் உயிரோடிருப்பவள் புட்டம்மா ஒருத்திதான்.

உன் அப்பா