தண்ணி ஊத்தினவ பேர்

திங்கள், ஆகஸ்ட் 12, 1996

கோயில் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்திருக்கு. பழைய ஞானஸ்நான நோட்டையெல்லாம் அதுல ஏத்துறாங்க. சந்தேகம் வந்தா கேட்டுக்கப் பங்குச் சாமியார் கூப்பிட்டு வெச்சிருக்கிறது யாரை? என் ஓரகத்தி லூர்தை. நேத்து தின்னதே ஞாபகம் இல்லாதவளுக்கு நாற்காலி, டீ. பூசைக்கு எழுதிக் குடுக்கப் போன நான் வாசப்படியில நின்னேன்.

டைப் அடிக்கிற ஜென்சி லூர்துகிட்ட, "ஒரே குழந்தைக்கு ரெண்டு தேதி இருக்கு பாட்டி, கம்ப்யூட்டர் எடுக்க மாட்டேங்குது"ன்னா. குழந்தை வேற யாருமில்ல, லூர்தோட மூத்தவன் அந்தோணி.

"மொதல் வரி தப்பும்மா, எடுத்துடு"ன்னா லூர்து.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அவன் ஊட்ல நீலம் பாரிச்சுப் பொறந்தான். சாமியார் வர்றதுக்குள்ள போயிடுவான்னு, சொம்புத் தண்ணியைத் தலையில ஊத்தி, பிதா சுதன் பேரால ஞானஸ்நானம் குடுத்தது நான். பொழைச்சிக்கினான். கோயில்ல மீதிச் சடங்கு நடந்தது மூணு மாசம் கழிச்சு.

"ரெண்டாவது தேதி வெறும் சடங்குதான். மொத வரியில என் பேர் இருக்கும், படிச்சுப் பாரு"ன்னேன். இருந்துச்சு.

"அக்கா எதையும் மறக்காதும்மா"ன்னு லூர்து இளிச்சா.

மொதத் தேதியை வெச்சு, சாமியார் பேர் போடற கட்டத்துல ஜென்சி என் பேரை அடிச்சா. கம்ப்யூட்டர் எடுத்துக்கிச்சு. லூர்து மூஞ்சியில ஈயாடல.

ஆனாலும் சாமியார் வந்து, "நாளைக்கும் வந்துடும்மா"ன்னது அவகிட்டதான். டீயில ஏலக்காய் வேற போட்டிருக்காங்க. வாசப்படி வரைக்கும் மணத்துச்சு.